நாலு டிஸ்க் பெட்டியா, தனித்தனி டிஸ்க்கா?

கேள்வி: நானும் என் மனைவியும் வீட்டிலிருந்தே புகைப்பட, வீடியோ வேலை செய்கிறோம். இதுவரை 3 டெராபைட் சேர்ந்திருக்கிறது. மாதம் 60 ஜிபி வரை கூடுகிறது. எல்லாமே ஒரே ஒரு 4 டெராபைட் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. போன வாரம் அந்த டிஸ்க் இரண்டு முறை தானாகத் துண்டித்துக்கொண்டு, பிறகு மறுபடி தெரிந்தது. பயந்துபோயிருக்கிறோம். நாலு டிஸ்க் போட்டு வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் நாஸ் பெட்டி வாங்கி ரெய்டு 5 அமைத்தால் ஒரு டிஸ்க் போனாலும் கவலையில்லை என்கிறார்கள். ஆனால் அந்தச் செலவு எங்களுக்குப் பெரிது. எஸ்எஸ்டி வாங்கலாமா, கிளவுட் போதுமா என்றும் குழப்பம். கையைக் கடிக்காத செலவில் நம்பகமாக எதை வாங்குவது?

பதில்:

எதை வாங்குவது என்பதை அப்புறம் பார்ப்போம். துண்டித்துத் துண்டித்து வரும் அந்த டிஸ்க்கில்தான் உங்கள் உழைப்பு முழுவதும் ஒற்றைப் பிரதியாக இருக்கிறது. முதலில் அதைக் கவனியுங்கள்.

போர்ட்டபிள் டிஸ்க் இப்படி வந்து வந்து போவதற்கு அடிக்கடி காரணமாவது கேபிளும் மின்சாரமும். அந்த வகை டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. யுஎஸ்பி போர்ட் தரும் மின்சாரத்திலேயே மோட்டார் சுற்ற வேண்டும். தன் மின்சாரம் இல்லாத ஹப், நீளமான கேபிள், தளர்ந்த சாக்கெட் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் போதும், மோட்டார் வேகமெடுக்கும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து டிஸ்க் மறைந்துவிடும். ஹப்பைக் கழற்றிவிட்டு, குட்டையான புதுக் கேபிள் போட்டு, கணினியின் போர்ட்டிலேயே நேரடியாகச் செருகுங்கள். பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்க் தன் நலனைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) திறந்து மூன்று வரிகளைப் பாருங்கள்: 05, சி5, சி6. சில மென்பொருள்கள் இவற்றையே 5, 197, 198 என்று காட்டும். முதலாவது, பழுதாகி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (தரவு எழுதப்படும் சிறு துண்டுகள்) எண்ணிக்கை. இரண்டாவது, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை. மூன்றாவது, சரிசெய்ய முடியாது என்று டிஸ்க்கே கைவிட்டவை. மூன்றும் சுழியாக இருந்தால் பழி பெரும்பாலும் கேபிள்மேல்தான். சி5 வரியில் சுழியைத் தவிர வேறு எண் தெரிந்தால் அந்த டிஸ்க்கை இனி நம்ப வேண்டாம். ஒரு எச்சரிக்கை: அந்த எண்கள் வேறு வேறு முறையில் எழுதப்படுவதால் ‘கச்சா மதிப்பு’ என்ற கடைசிப் பத்தியைத்தான் பார்க்க வேண்டும்.

டிஸ்க் எந்த நிலையில் இருந்தாலும் செக்டிஸ்க் போன்ற பழுதுநீக்கும் கட்டளையை இப்போது ஓட்டாதீர்கள். அது கோப்பு அட்டவணையைத் திருத்தி எழுதும். நலிந்த டிஸ்க்கில் அந்த எழுத்தே கடைசி அடியாகிவிடலாம். முதலில் நகல் எடுங்கள், பழுது பார்ப்பதெல்லாம் அதன் பிறகு. நகல் எடுக்கும்போதும் ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’தான். வாடிக்கையாளரிடம் இன்னும் ஒப்படைக்காத வேலைகளும் சொந்தக் குடும்பப் படங்களும் முதலில். ஏற்கெனவே கொடுத்து முடித்தவை அடுத்து. மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடியவை கடைசி. நடுவில் படிக்க முடியாமல் சிக்கினால் லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ உதவும். நல்ல பகுதிகளை முதலில் அள்ளி எடுத்துவிட்டு, சிக்கிய இடங்களுக்கு அது பிறகு திரும்பி வரும். டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சீரான தட்டும் ஓசை கேட்டால் உடனே நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். அது படிக்கும் தலைப் பகுதி தடுமாறும் ஓசை. அதன் பிறகு தரவு மீட்புக் கூடம்தான் வழி. மென்பொருளால் தீராது.

இனி உங்கள் கேள்வி. நாஸ் பெட்டி வேண்டாம் என்பதுதான் என் முடிவு. குறைந்தபட்சம் இப்போது வேண்டாம்.

ரெய்டு என்ற கருத்து 1988-ல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் கட்டுரை ஒன்றின் வழியாகப் பரவியது. விலையுயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சிறு டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து ஓட்டுவது, ஒன்று செயலிழந்தாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது, இதுதான் அதன் நோக்கம். கடை மூடாமல் இருக்க ஜெனரேட்டர் வைப்பதைப் போல. கோப்பு தொலைந்துபோகும் வழிகளை எண்ணிப் பாருங்கள்: தவறாக அழிப்பது, பழையதன்மேல் புதியதை எழுதிவிடுவது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், திருட்டு, தீ, வெள்ளம், மின்னல் வெட்டியபோது பாயும் அதிக மின்னழுத்தம். இவற்றில் ஒன்றிலிருந்துகூட ரெய்டு காப்பாற்றாது. நீங்கள் ஒரு ஃபோல்டரை அழித்த அதே நொடியில் நாலு டிஸ்க்குகளிலும் அது அழிந்திருக்கும். அது காப்பது டிஸ்க் பழுது ஒன்றிலிருந்து மட்டுமே.

அந்த ஒன்றிலும் ரெய்டு 5-க்கு ஒரு பலவீனமான கட்டம் உண்டு. நாலில் ஒன்று போய், புது டிஸ்க் போட்டதும், மீதி மூன்றையும் ஆரம்பம் முதல் கடைசி வரை படித்துத்தான் இழந்ததைத் திரும்பக் கட்ட முடியும். 8 டெராபைட் டிஸ்க் என்றால் நொடிக்கு 150 எம்பி வேகம் சீராகக் கிடைத்தாலே 15 மணி நேரம். பெட்டியில் வேலையும் நடந்துகொண்டிருந்தால் நாள் கணக்காகும். அந்த நேரம் முழுக்கப் பாதுகாப்பே இல்லை. சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில், 10¹⁴ பிட் படித்தால் மீட்க முடியாத பிழை அதிகபட்சம் ஒன்று என்று போட்டிருப்பார்கள். அது 12.5 டெராபைட். நடைமுறையில் பெரும்பாலான டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆனாலும் மூன்று 8 டெராபைட் டிஸ்க்குகளை முழுதாகப் படிப்பது 24 டெராபைட் என்பதை நினைவில் வையுங்கள். போதாக்குறைக்கு ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய நாலு டிஸ்க்குகளும் ஒரே தொகுப்பில் தயாரானவை. ஒரே சூட்டில், ஒரே நேரம் ஓடித் தேய்ந்தவை. ஒன்று தளரும் வயதில் மற்றதும் தளரும்.

டிஸ்க்குகள் எல்லாம் நலமாக இருந்து பெட்டியே பழுதானால்? உள்ளே லினக்ஸின் எம்டி ரெய்டு ஓடும் நாஸ் என்றால் டிஸ்க்குகளை ஒரு லினக்ஸ் கணினியில் மாட்டி மீட்டுவிடலாம். யுஎஸ்பியில் இணைக்கும் மலிவு ரெய்டு பெட்டிகளில் பல, தமக்கே உரிய முறையில் எழுதுகின்றன. அதே மாடல் பெட்டி மறுபடி கிடைத்தால்தான் உண்டு. எப்படியானாலும் நாஸில் வைத்ததற்கும் வெளியே ஒரு பேக்கப் வேண்டும் என்பதால், உங்கள் செலவு நாஸோடு முடியாது.

அந்தப் பணத்தின் ஒரு பகுதியில் தனித்தனி டிஸ்க்குகளாக வாங்குங்கள். இத்துறையில் 3-2-1 என்று ஒரு வழக்கம் உண்டு: மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறு கட்டடத்தில். ‘வேறு கட்டடம்’ என்பதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் மூன்றிலும் முக்கியமானது அதுதான்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 60 ஜிபி என்றால் ஆண்டுக்கு 720 ஜிபி, ஐந்தாண்டில் 3.6 டெராபைட். இருப்பதோடு சேர்த்தால் 6.6. ஆகவே 8 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். விண்டோஸில் மாட்டியதும் 7.27 என்று காட்டும். ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஒரு டெராபைட்டை இலட்சம் கோடி பைட்டாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ன் மடங்குகளாக எண்ணுகிறது. பத்தில் ஒரு பங்கு இடம் எப்போதும் காலியாக இருக்கட்டும். இப்போதைய 4 டெராபைட் டிஸ்க் தேறினால் அதை வேலைப் பிரதியாகவே தொடரலாம். சுமார் 16 மாதத்தில் அது நிரம்பும். அப்போது மூன்றாவதாக ஒரு 8 டெராபைட் வாங்கினால் போதும், விலையும் அதற்குள் இறங்கியிருக்கலாம். சி5 எண் சரியில்லை என்றால் இப்போதே மூன்று வேண்டும். அதில் தயங்காதீர்கள்.

விலையை ஒப்பிடும்போது பெட்டிமேல் உள்ள மொத்த விலையைப் பார்க்காமல், ஒரு டெராபைட்டுக்கு, ஓர் ஆண்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். ஐந்தாண்டு ஆயுள் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஓடினால் லாபம், ஆனால் பேக்கப் டிஸ்க்கை அதற்கு மேல் நம்பி விட்டுவைக்கக் கூடாது. ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டி, பழுதுக் கணக்கை 2013 முதல் தொடர்ந்து வெளியிட்டு வரும் பேக்பிளேஸ் நிறுவனத்தின் புள்ளிவிவரத்தில் ஆண்டுப் பழுது விகிதம் 1 முதல் 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. நூறு டிஸ்க்கில் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. அது குறைவான எண்தான். உங்களிடம் இருப்பது ஒரே டிஸ்க் என்றால் அந்த ஒன்று உங்களுடையதாக இருக்கலாம். தனித்தனியே வைத்த இரண்டும் ஒரே வாரத்தில் போகும் வாய்ப்பு மிக மிகச் சிறிது. மலிவான இரண்டு டிஸ்க், விலையுயர்ந்த ஒன்றைவிட எப்போதும் நம்பகமானது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

வகை என்று பார்த்தால் உங்களுக்கு மேசைமேல் வைக்கும் 3.5 அங்குல வகை சரி. சட்டைப்பையில் அடங்கும் 2.5 அங்குல டிஸ்க்குகளில் பெரிய கொள்ளளவுள்ளவை பெரும்பாலும் எஸ்எம்ஆர் முறையில் எழுதுபவை. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதைப் போல அதில் எழுத்துத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒரு தடத்தை மாற்ற வேண்டுமானால் அதை ஒட்டிய முழுப் பட்டையையும் திரும்ப எழுத வேண்டும். முதல் சில பத்து ஜிபி வேகமாகப் போய், பிறகு வேகம் தேய்ந்து தேய்ந்து நின்றுவிடும் அளவுக்கு வருவது இதனால்தான். ஒரு முறை எழுதிவைத்து அப்படியே விடும் கோப்புகளுக்கு எஸ்எம்ஆர் தவறில்லை, பொறுமை இருந்தால் போதும். ரெய்டிலோ, தினமும் அழித்து எழுதும் வேலையிலோ அது வேண்டாம். விவரத்தாளில் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத முறை) என்று தெளிவாகப் போட்டிருக்கும் மாடலைத் தேடுங்கள். எதுவும் போடாமல் விட்டிருந்தால் எஸ்எம்ஆர் என்றே எண்ணி முடிவெடுங்கள்.

2.5 அங்குல வகையில் இன்னொரு சங்கடம், பலவற்றில் யுஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் மின்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சாக்கெட் உடைந்தால் டிஸ்க்கைக் கழற்றி வேறு உறையில் மாட்ட வழியில்லை. மேசை வகையிலும் சிலவற்றில் உறையில் உள்ள சில்லு, நீங்கள் கடவுச்சொல் போடாவிட்டாலும், எல்லாவற்றையும் குறியாக்கம் செய்தே எழுதுகிறது. அந்தச் சில்லு பழுதானால் டிஸ்க் நலமாக இருந்தும் உள்ளே இருப்பது வெறும் குப்பையாகத் தெரியும். இதைத் தவிர்க்க எளிய வழி, கணினிக்குள் போடும் சாதாரண 3.5 அங்குல சாட்டா டிஸ்க் இரண்டும், அவற்றைச் செருகும் யுஎஸ்பி டாக் ஒன்றும் வாங்குவது. டாக் பழுதானால் வேறு டாக் போதும். டிஸ்க்குகளைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். அடாப்டரோடு வரும் உறையையே வாங்கினால், அடாப்டரின்மேல் அது எந்த டிஸ்க்குக்கு உரியது என்று அன்றே ஒட்டிவையுங்கள். இவை 12 வோல்ட். மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டர் முனை சில சமயம் அதே துளையில் பொருந்திவிடும். ஒரு முறை செருகினால் டிஸ்க்கின் மின்பலகை எரிந்துபோகும்.

இரண்டு டிஸ்க்கையும் வேறு வேறு நிறுவனத்தில் வாங்குங்கள். முடியாவிட்டால் ஒரு மாத இடைவெளி விட்டு வாங்குங்கள். வாங்கியதும் ஸ்மார்ட் விவரத்தில் 09 என்ற வரியைப் பாருங்கள், ஓடிய மணிநேரம் அது. புது டிஸ்க்கில் ஒற்றை இலக்கம்தான் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் காட்டினால் பழையதைத் துடைத்து விற்றிருக்கிறார்கள், திருப்பிக் கொடுங்கள். உத்தரவாதம் மூன்றாண்டா ஐந்தாண்டா என்று பார்ப்பது நல்லதுதான். ஆனால் உத்தரவாதத்தில் உங்களுக்குக் கிடைப்பது மாற்று டிஸ்க் மட்டுமே, உள்ளே இருந்த படங்கள் கிடைக்காது.

எஸ்எஸ்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். எடிட்டிங் செய்வதற்கு அதைவிடச் சிறந்தது இல்லை. அலமாரியில் வைக்கும் பேக்கப்புக்கு அது பொருந்தாது. எஸ்எஸ்டியில் தரவு நிற்பது சிறைப்பட்ட மின்னூட்டமாக. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். சில்லுகளுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் கணக்குப்படி சாதாரண எஸ்எஸ்டி ஒன்று, தன் எழுத்து ஆயுள் முழுவதும் தேய்ந்த நிலையில், 30 பாகை செல்சியஸில் மின்சாரமின்றி ஓராண்டு தாங்கினால் போதும். புதுசு அதைவிட நெடுநாள் தாங்கும், ஆனால் சூடு கூடக் கூட அந்தக் காலம் சுருங்கும். விலையும் டெராபைட்டுக்குப் பல மடங்கு. பென் டிரைவும் மெமரி கார்டும் இதே இனம்தான், தரத்தில் இன்னும் கீழே. நம்ப முடியாத விலையில் பெரிய கொள்ளளவு என்று விற்கும் பென் டிரைவுகளில் உள்ளே சில்லு சிறியதாக இருந்து, நிரம்பியதும் பழையதன்மேலேயே எழுதிக்கொண்டு போகும் மோசடி உண்டு. 25 ஜிபி புளூரே தகடுகளில் 3 டெராபைட்டை எழுத 120 தகடு வேண்டும். குடும்பப் படங்களில் பொறுக்கியெடுத்த சிலவற்றுக்குச் சரி, மொத்தத்துக்கும் ஆகாது. எல்டிஓ டேப்பில் தலைமுறை 8-ன் ஒரு நாடா 12 டெராபைட் பிடிக்கும், நாடா மலிவு. அதை எழுதும் கருவியின் விலையை நினைத்தால், பல பத்து டெராபைட் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

டிஸ்க் வந்ததும் படங்களைக் கொட்டிவிடாதீர்கள். புது டிஸ்க்குகள் பழுதாவதில் ஒரு பங்கு முதல் சில வாரங்களிலேயே நடக்கிறது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு மென்பொருள் டிஸ்க் முழுவதும் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். 8 டெராபைட்டை எழுத மட்டும் ஏறக்குறைய 15 மணி நேரம், படிக்க அதே அளவு. ஒன்றரை நாள் ஓடட்டும். பிறகு 05, சி5, சி6 மூன்றும் சுழியாகவே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏதாவது ஏறியிருந்தால் மாற்றிக்கொள்ளும் நாள் கெடு இன்னும் மிச்சமிருக்கும்.

ஃபார்மட் செய்யும்போது இரண்டு கணினியும் விண்டோஸ் என்றால் என்டிஎஃப்எஸ், இரண்டும் மேக் என்றால் அதற்குரியது. இரண்டிலும் ஓட வேண்டும் என்பதற்காக எக்ஸ்ஃபேட் போடுவது பலர் செய்யும் தவறு. அதில் ஜர்னல் இல்லை, அதாவது என்ன எழுதப்போகிறோம் என்ற முன்குறிப்பு எங்கும் இல்லை. எழுதும் நடுவில் கேபிள் பிடுங்கப்பட்டால் அட்டவணை சிதைந்து முழு ஃபோல்டரே காணாமல்போகும். உங்கள் டிஸ்க் தானாகத் துண்டித்துக்கொள்கிறது என்பதால் அதில் எக்ஸ்ஃபேட் இருக்கிறதா என்று பார்ப்பது அவசரம்.

உங்கள் கோப்புகள் இரண்டு இனம். கேமராவிலிருந்து வந்த மூலப் படங்களும் வீடியோவும் பிறகு மாறுவதில்லை. எடிட்டிங் ப்ராஜெக்ட் கோப்புகள், படங்களின் கேட்டலாக், பில் கணக்கு இவை தினமும் மாறுகின்றன. இரண்டையும் ஒரே மாதிரி நடத்தினால் இடமும் நேரமும் வீண்.

முதல் இனத்தைச் சாதாரணக் கோப்புகளாகவே நகலெடுங்கள். எந்தக் கணினியிலும், எந்த மென்பொருளும் இன்றி, யார் வேண்டுமானாலும் திறக்கும்படி இருப்பது பெரிய பலம். ஃப்ரீஃபைல்சிங்க் இதற்குப் போதும். அதில் ‘மிரர்’ என்ற முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூலத்தில் தவறி அழிந்ததை அது பேக்கப்பிலும் அழித்துவிடும். ‘அப்டேட்’ என்ற முறை புதியதைச் சேர்க்கும், எதையும் அழிக்காது. ஆனால் மாறிய கோப்பைப் பழையதன்மேல் எழுதும். ரான்சம்வேர் புகுந்து கெடுத்த கோப்பும் ‘மாறிய கோப்பு’தான். ஆகவே அமைப்புகளில், மேலெழுதப்படும் கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தும் ‘வெர்ஷனிங்’ வசதியையும் போட்டுவிடுங்கள். ஒப்பீட்டுப் பட்டியலில் மாறாத மூலப் படங்கள் நூற்றுக்கணக்கில் ‘மாறியவை’ என்று வந்தால் ஓட்டாதீர்கள், ஏதோ தவறு நடந்திருக்கிறது.

இரண்டாம் இனத்துக்குப் பழைய பதிப்புகளைச் சேர்த்துவைக்கும் மென்பொருள் தேவை. கோப்பியா, ரெஸ்டிக் இரண்டும் இலவசம், இரண்டும் நம்பகமானவை. திரையில் பொத்தான்களோடு வேண்டுமென்றால் கோப்பியா. ஒரே பகுதியை இரண்டு முறை சேமிக்காததால் நூறு பதிப்பு வைத்தாலும் இடம் அதிகம் பிடிக்காது. தினப்பதிப்பு 7, வாரப்பதிப்பு 4, மாதப்பதிப்பு 12 என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மார்ச்சில் கெட்டுப்போன கேட்டலாக்கை ஜூலையில்தான் கவனிப்பீர்கள் என்பது இத்துறையில் சர்வசாதாரணம், மாதப்பதிப்புகள் அதற்காகவே. இவை குறியாக்கம் செய்தே எழுதும். கடவுச்சொல் தொலைந்தால் உலகில் யாராலும் திறக்க முடியாது. தாளில் எழுதி இரண்டு வீட்டில் வையுங்கள். அந்த டிஸ்க்கோடு சேர்த்து மட்டும் வைக்காதீர்கள்.

இடம் மாற்றும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே ஏற்பாட்டைச் செய்து, ‘அ’ என்பது உங்கள் வீட்டில், ‘ஆ’ என்பது நம்பிக்கையான உறவினர் வீட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை ‘அ’வைச் செருகி நகலெடுத்து, வெளியேற்றிக் கழற்றிவிடுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க், ரான்சம்வேருக்கும் மின்னலுக்கும் வேலைப் பிரதியோடு சேர்ந்தே பலியாகும். மாதம் ஒரு முறை ‘அ’வைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ‘ஆ’வை எடுத்து வாருங்கள். புதுப்பிப்பதற்காக ‘ஆ’வை வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்று பிரதியும் ஒரே மேசையில் இருக்கும்படி ஓரிரவுகூட விடாதீர்கள். வெளியே போகும் டிஸ்க்கில் வாடிக்கையாளர்களின் படங்கள் இருப்பதால் பிட்லாக்கர் அல்லது வேராகிரிப்ட் போட்டுப் பூட்டுங்கள்.

கேபிளைப் பிடுங்குமுன் கணினியில் ‘வெளியேற்று’ கொடுத்து, பத்துப் பதினைந்து நொடி காத்திருங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைத் தூக்குவதும் சாய்ப்பதும்தான் அதற்கு மிகப் பெரிய ஆபத்து. அலமாரியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான இடத்துக்குக் கொண்டுபோனால் ஒரு மணி நேரம் கழித்துச் செருகுங்கள், உள்ளே பனித்திருக்கும்.

கிளவுட் ஒன்றே போதுமா என்றால், 3 டெராபைட்டுக்குப் போதாது. முதல் தடை ஏற்றும் வேகம். நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 3 டெராபைட் ஏற இரவு பகலாக 28 நாள். இரண்டாவது, மாதக் கட்டணம் நிற்கவே நிற்காது. ஐந்தாண்டுக்குக் கூட்டிப் பார்த்தால் டிஸ்க்கை எளிதாக மிஞ்சும். மலிவான உறைநிலைச் சேமிப்புகளில் விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில் கேட்ட கோப்பு கைக்கு வர 12 மணி முதல் 48 மணி நேரம் ஆகும். 180 நாளுக்குள் அழித்தாலும் 180 நாள் கட்டணம் உண்டு. திரும்ப இறக்கும்போது ஜிபி கணக்கில் தனிக் கட்டணம். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை ஒத்திசைக்கும் சேவைகள். கணினியில் அழித்தது அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அவ்வளவுதான்.

ஆனால் உங்களிடம் இருப்பதில் ஈடுசெய்யவே முடியாத பகுதி 250 ஜிபி அளவுக்குள் அடங்கும் என்று நினைக்கிறேன்: குடும்பப் படங்கள், நடப்பு வேலைகள், கேட்டலாக், கணக்கு. அதை மட்டும் கோப்பியா வழியாகவே கிளவுடில் போடுங்கள். அதே 10 மெகாபிட்டில் இரண்டரை நாளில் ஏறிவிடும். 3-2-1-ல் சொன்ன இரண்டாவது வகைச் சாதனமும் அதுவே ஆகிவிடும். கிளவுடும் யாரோ ஒருவரின் கட்டடத்தில் இருக்கும் டிஸ்க்தான் என்பதையும் மறக்க வேண்டாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முற்றிலும் எரிந்தது. வேறு இடத்தில் பிரதி வைக்காத வாடிக்கையாளர்கள் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

பின்னாளில் நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே கோப்புகளில் வேலை செய்ய வேண்டி வந்தால் நாஸ் நியாயமான செலவு. அப்போதும் நாலு டிஸ்க் வேண்டாம். இரண்டு டிஸ்க் பெட்டி, இரண்டிலும் ஒரே பிரதி எழுதும் ரெய்டு 1, கோப்பு கெட்டால் காட்டிக்கொடுக்கும் செக்சம் (சரிபார்ப்பு எண்) போட்டு எழுதும் பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் கோப்பமைப்பு, தினமும் ஸ்னாப்ஷாட் (கோப்புகளின் அந்த நேர நிலையின் பதிவு), கூடவே ஒரு யுபிஎஸ். அதை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடாதீர்கள். 2022 ஜனவரியில் பரவிய டெட்போல்ட் ரான்சம்வேர் தேடித் தேடிப் பூட்டியது அப்படித் திறந்துகிடந்த நாஸ் பெட்டிகளைத்தான். ‘அ’, ‘ஆ’ டிஸ்க்குகள் அப்போதும் அப்படியே தொடர வேண்டும்.

கடைசியாக, பேக்கப் எடுப்பதைவிட அது திரும்ப வருகிறதா என்று பார்ப்பதில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்தார். பேக்கப்பைத் தேடியபோது, வைத்திருந்த ஐந்து ஏற்பாடுகளில் எதுவும் ஒழுங்காக ஓடியிருக்கவில்லை என்பது தெரிந்தது. ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாகக் கையால் எடுத்திருந்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. பெரிய நிறுவனத்துக்கே இப்படி. நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து இருபது கோப்புகளைப் பொறுக்கி, பேக்கப் டிஸ்க்கிலிருந்து வேறொரு கணினிக்கு எடுத்துத் திறந்து பாருங்கள். படத்தைச் சிறுவடிவில் பார்த்தால் போதாது. முழுதாகப் பெரிதாக்கியும், வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டியும் பார்க்க வேண்டும். அன்றே ஸ்மார்ட் எண்களை டிஸ்க் பெட்டிமேல் ஒட்டிய தாளில் தேதியோடு குறியுங்கள். ஒரு முறை ஏறிய எண் அங்கேயே நின்றால் கொஞ்சம் பொறுக்கலாம், அடுத்த முறையும் ஏறியிருந்தால் டிஸ்க்கை மாற்றுங்கள்.

இரண்டு டிஸ்க்கையும் இந்த மாதமே வாங்கக் கையில் பணம் இல்லையென்றால் ஒன்றை மட்டும் இந்த வாரமே வாங்குங்கள். இந்த முதல் டிஸ்க்குக்கு மட்டும் ஒன்றரை நாள் சோதனைக்குக் காத்திருக்க வேண்டாம், ஸ்மார்ட் எண்களை மட்டும் பார்த்துவிட்டு உடனே நகலெடுங்கள். நொடிக்கு 110 எம்பி வேகம் கிடைத்தால் 3 டெராபைட்டுக்கு எட்டு மணி நேரம், பழைய யுஎஸ்பி 2 போர்ட் என்றால் ஒரு முழு நாள். நகல் முடிந்ததும் அந்தப் புது டிஸ்க் உறவினர் வீட்டுக்குப் போகட்டும். அடுத்த மாதம் இரண்டாவது டிஸ்க்கை வாங்கி, முழுச் சோதனையையும் முடித்து, அதிலும் நகலெடுத்து உறவினர் வீட்டில் கொடுத்துவிட்டு, முதலாவதைக் கொண்டுவந்து விட்டுப்போன சோதனையைச் செய்துகொள்ளலாம். எச்2டெஸ்ட்டபிள்யூ காலி இடத்தில்தான் எழுதும் என்பதால் படங்களை அழிக்காமலே அதை ஓட்ட முடியும்.